உலாந்தாக்காரன் நோட்டுப்புத்தகம்!

தேனிப் பக்கம் போயிருக்கிறீர்களா?

போயிருந்தால், ஒரு வெள்ளைக்காரரை நீங்கள் சந்திக்காமல் திரும்பியிருக்க முடியாது. டீக்கடைச் சுவரில் இருப்பார். விவசாயிகள் வீட்டில் சாமி படங்களுக்கு நடுவே இருப்பார். பிள்ளைகளுக்கு அவர் பெயரையே வைத்தவர்களும் உண்டு. கர்னல் பென்னிகுக்! 1895-ல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிக் கொடுத்தவர். ஜனவரி 15 அவர் பிறந்தநாள். அன்றைக்குக் கம்பம் பள்ளத்தாக்கில் அவருக்குப் பொங்கல் வைக்கிறார்கள். தண்ணீர் கொடுத்தவனைத் தமிழன் மறப்பதில்லை.

பென்னிகுக் பற்றி நமக்கு எப்படி இவ்வளவு தெரியும்? ஆங்கிலத்தில் கோப்புகள் இருக்கின்றன, நமக்கு ஆங்கிலம் தெரியும். அவ்வளவுதான் ரகசியம்.

அதே பள்ளத்தாக்கின் கதையில் பென்னிகுக்குக்கு ரொம்ப முன்னாலேயே இன்னொரு வெள்ளைக்காரக் கூட்டம் வருகிறது. அவர்கள் அணை கட்டவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் கொச்சியில் உட்கார்ந்துகொண்டு, இந்தப் பக்கத்தைப் பார்த்து வயிறெரிந்தார்கள். எரிந்ததோடு நிற்காமல் எழுதியும் வைத்தார்கள். பக்கம் பக்கமாக, வருஷக்கணக்காக! அந்தக் காகிதங்களில் ஒரு பெரும் பகுதி இன்றைக்கு எங்கே இருக்கிறது தெரியுமா? சென்னை எழும்பூரில். ரயில் நிலையத்துக்கு எதிரே நிற்கும் சிவப்புக் கட்டடத்தில், தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில்.

படிக்கத்தான் ஆளில்லை. காரணம், அவை டச்சு மொழியில் இருக்கின்றன.

*

நம் முன்னோர்கள் இவர்களை 'உலாந்தாக்காரர்' என்றார்கள். ஹாலந்து என்பதன் தமிழ் வாய்மொழி. 1602-ல் ஆம்ஸ்டர்டாம் முதலான ஊர்களின் வியாபாரிகள் ஒன்று சேர்ந்து ஆரம்பித்த கிழக்கிந்தியக் கம்பெனி அவர்களுடையது. பொதுமக்களிடம் பங்கு விற்று, அந்தப் பங்குகள் சந்தையில் கைமாறும் வழக்கத்தை உலகத்துக்குப் பெரிய அளவில் காட்டிக் கொடுத்ததே அந்தக் கம்பெனிதான். காலேஜில் 'கம்பெனி அக்கவுன்ட்ஸ்' பேப்பரோடு மல்லுக்கட்டிய என் போன்றவர்கள் யாரையாவது திட்ட வேண்டுமென்றால், முகவரி ஆம்ஸ்டர்டாம்!

அந்தக் கம்பெனியின் பெயர்ச் சுருக்கம் என்ன தெரியுமா? வி.ஓ.சி.!

ஆமாம். 1658-ல் போர்த்துக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்துக்கொண்டு முத்தும் துணியும் வாங்கிய கம்பெனியின் பெயர் வி.ஓ.சி. அதே ஊரில் 1906-ல் வெள்ளைக்காரனுக்கு எதிராகக் கப்பல் கம்பெனி ஆரம்பித்த நம் சிதம்பரனாரும் வி.ஓ.சி. வரலாறு சில சமயம் இப்படிக் கண்ணடிக்கும். இரண்டாவது வி.ஓ.சி.யை நமக்கு நன்றாகத் தெரியும். முதலாவதைத் தெரியவே தெரியாது.

ஏதோ நாலு நாள் வந்துவிட்டுப் போனவர்களும் இல்லை அவர்கள். 1610-ல் பழவேற்காட்டில் கால் ஊன்றினார்கள். 1613-ல் அங்கே கோட்டை தயார். 1658-ல் நாகப்பட்டினம். 1663-ல் கொச்சி. கடைசியாக 1824-ல் போட்ட ஒப்பந்தப்படி, 1825-ல் மிச்சமிருந்த இடங்களையும் ஆங்கிலேயரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள். இருநூறு வருஷத்துக்கும் மேலே!

இருநூறு வருஷம் பழகினால் மொழியில் ஒட்டாமல் இருக்குமா? 'கையில துட்டு இல்லைப்பா' என்கிறோமே, அந்தத் துட்டு 'டௌட்' என்ற டச்சுச் செப்புக்காசு. நாம் பொது இடத்தில் சொல்லக் கூச்சப்படும் 'கக்கூஸ்'? அதுவும் சுத்தமான டச்சு! 'காக்ஹௌஸ்' என்பதிலிருந்து வந்தது. யாழ்ப்பாணத் தமிழர்கள் ஆபீஸைக் கந்தோர் என்பார்கள். மேஜை டிராயர் அவர்களுக்கு லாச்சி. பீன்ஸ் காயின் பெயர் போஞ்சி. பத்திரம் எழுதுபவர் நொத்தாரிசு. எல்லாம் உலாந்தாக்காரன் விட்டுவிட்டுப் போன சாமான்கள்தான்.

ஆக, வார்த்தைகளை வாங்கிக்கொண்டோம். மொழியை வாங்கவில்லை. அதனால் என்ன நஷ்டம் என்கிறீர்களா? மறுபடி தேனிக்கு வாருங்கள்.

*

கம்பத்திலிருந்து கூடலூர் வழியாக லோயர் கேம்ப். அங்கிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் குமுளி. வடக்கே கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று இன்னும் பாதைகள். மேலே ஏறி, அந்தப் பக்கம் இறங்கினால் பூஞ்சாறு, காஞ்சிரப்பள்ளி. அந்தக் காலத்தில் உலகமே ஆசைப்பட்ட மிளகு விளைந்த பூமி அது.

கொச்சியைப் பிடித்ததும் டச்சுக்காரர்கள் ஒரு காரியம் செய்தார்கள். தெக்கும்கூர், வடக்கும்கூர், காயங்குளம் என்று அக்கம்பக்கத்து ராஜாக்களிடமெல்லாம் ஒப்பந்தம் போட்டார்கள். 'உங்கள் நாட்டு மிளகை எங்களுக்கு மட்டும்தான் விற்க வேண்டும். நாங்கள் சொல்கிற விலைக்குத்தான் விற்க வேண்டும்.' ராஜாக்களும் முத்திரை வைத்துக் கொடுத்தார்கள்.

ராஜா கையெழுத்துப் போட்டால் போதுமா? மிளகுக் கொடி வைத்திருப்பவன் போட வேண்டாமா? கம்பெனி கொடுக்கும் விலை குறைச்சல். வெளியாள் கொடுப்பது அதிகம். மேற்கே கடல் வழியில் டச்சுக் கப்பல் காவல் காக்கிறது. கிழக்கே? மலை! எந்தக் கப்பலாலும் மலை ஏற முடியாதே!

பொதிமாடுகள் ஏறின. மிளகு மூட்டைகளைச் சுமந்துகொண்டு மலை தாண்டிப் பாண்டி நாட்டுக்குள் இறங்கின. கொச்சிக் கோட்டையில் இருந்த டச்சு அதிகாரிகள், 'மிளகு தரை வழியாக மலைக்கு அந்தப் பக்கம் ஒழுகுகிறது' என்று தலைமுறை தலைமுறையாகப் புலம்பினார்கள். ஒப்பந்தங்களை மறுபடி மறுபடி நினைவுபடுத்தினார்கள். மாடுகளுக்கு ஒப்பந்தம் புரியவில்லை.

பூஞ்சாறு, காஞ்சிரப்பள்ளி மலைகளிலிருந்து கிழக்கே இறங்கினால் எங்கே வந்து விழுவோம்? இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில்தான். காஞ்சிரப்பள்ளியில் மதுரை மீனாட்சிக்குக் கோயில் இருப்பது தற்செயல் இல்லை. அந்த ஊர்ச் சந்தையில் கடை போட்ட வெள்ளாளர்களும் ராவுத்தர்களும் மலைக்கு இந்தப் பக்கத்திலிருந்து போனவர்கள். இன்றைக்கும் போடியில் ஏலக்காய்க்கு ஏலம் நடக்கிறது. தோட்டம் மேலே கேரளத்தில், வியாபாரம் கீழே தமிழ்நாட்டில். காலம் மாறினாலும் சரக்கு இறங்கும் திசை மாறவில்லை.

இதை எந்தத் தமிழ்ப் புலவனும் பாடி வைக்கவில்லை. மாடு ஓட்டியவன் எழுதவில்லை. எழுதியவன் நஷ்டப்பட்டவன். தங்களுக்குப் போட்டியாக இருந்த நம் வியாபாரிகளின் சாமர்த்தியத்துக்கு டச்சுக்காரனின் ஒப்பாரிதான் சாட்சி!

*

கணக்குப்பிள்ளை மனசு படைத்தவர்கள் அவர்கள். என்ன வாங்கினோம், என்ன விலை, யார் வந்தார், என்ன பரிசு கொடுத்தோம், எத்தனை பேர் செத்தார்கள்... எல்லாவற்றுக்கும் பதிவு உண்டு. அன்றாட நாட்குறிப்பு உண்டு. பதவி முடிந்து போகிற அதிகாரி, அடுத்து வருகிறவருக்கு எழுதி வைக்கும் நீண்ட குறிப்பு ஒன்று உண்டு. 'இந்த ராஜாவை நம்பாதே, அந்த வியாபாரியிடம் பாக்கி இருக்கிறது, இந்த மந்திரியைக் கையில் போட்டுக்கொள்' என்கிற பாணியில்! 1743-ல் ஸ்டைன் வான் கொலனெஸ்ஸே, 1781-ல் அட்ரியன் மூன்ஸ் என்ற இரண்டு கொச்சி அதிகாரிகள் எழுதிய குறிப்புகள் புகழ்பெற்றவை. 1911-ல் சென்னை அரசாங்கம் அவை இரண்டையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துப் புத்தகமாகவே போட்டது. அதற்கு முன்பே, 1908-லிருந்து, கிரூட் என்ற பாதிரியார் போன்றவர்கள் மங்கிய கையெழுத்தைப் படித்து டச்சு மூலங்களை அச்சிட்டார்கள்.

மொழிபெயர்ந்தது கையளவு. எழும்பூரில் இருப்பது ஆயிரம் தொகுதிகளுக்கு மேல். நெதர்லாந்தின் ஹேக் நகரத்து தேசிய ஆவணக் காப்பகத்தில் இந்தக் கம்பெனியின் காகிதங்களை வரிசையாக அடுக்கினால் ஒரு கிலோமீட்டரைத் தாண்டும். உலகம் பூராவும் சிதறிக் கிடப்பது சுமார் இரண்டரைக் கோடிப் பக்கம். 2003-ல் யுனெஸ்கோ இவற்றை 'உலக நினைவகம்' பட்டியலில் சேர்த்தது. அந்தப் பட்டியலில் நம் சென்னைத் தொகுதிகளுக்கும் பங்கு உண்டு.

மிளகுக் கணக்கு மட்டும்தான் என்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் அதே கணக்கில் மனுஷக் கணக்கும் இருக்கிறது.

1659 முதல் 1661 வரை. பீஜப்பூர்ப் படைகள் தஞ்சை நாட்டைச் சூறையாடிவிட்டன. வயல் எரிந்தது, பஞ்சம் வந்தது. சாகக் கிடந்தவர்கள் தங்களையும் பிள்ளைகளையும் விற்றார்கள். வாங்கிய பெரிய கை, டச்சுக் கம்பெனி. அந்த இரண்டு மூன்று வருஷத்தில் நாகப்பட்டினம், பழவேற்காடு முதலான துறைமுகங்களிலிருந்து கப்பலேற்றப்பட்டவர்கள் எட்டாயிரத்திலிருந்து பத்தாயிரம் பேர் இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிடுகிறார்கள். இலங்கைக்குப் போனார்கள். இன்றைய ஜகார்த்தாவான பட்டேவியாவுக்கும், மலாக்காவுக்கும் போனார்கள். தென் ஆப்பிரிக்காவின் கேப் டவுன் பதிவேடுகளில் அடிமைகளின் பெயருக்குப் பின்னால் 'வான் டெ குஸ்ட்' என்று வரும். 'கரைக்காரர்' என்று அர்த்தம். எந்தக் கரை? நம் சோழமண்டலக் கரை!

அவர்களுடைய பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. கோயில் செப்பேட்டில் இல்லை. பேத்தி பேரனுக்குச் சொல்லும் கதையில்கூட இல்லை. இருப்பது ஒரே இடத்தில்தான். வாங்கியவனின் கணக்குப் புத்தகத்தில், வாங்கியவனின் மொழியில். அதை நாம் படிக்காவிட்டால், வேறு யார் நமக்காக அழப்போகிறார்கள்?

*

எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். அவர்கள் நம்மைப் படித்தார்கள்.

1632 முதல் 1642 வரை பழவேற்காட்டில் இருந்த ஆபிரகாம் ரோகேரியுஸ் என்ற பாதிரியார், பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டுக் கேட்டு நம் சடங்கு, சாஸ்திரங்களை எழுதினார். 1651-ல் அது லெய்டனில் புத்தகமாக வந்தது. யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய பால்டேயுஸ் பாதிரியார் 1672-ல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட பெரிய புத்தகத்தில் தமிழ் எழுத்தும் இலக்கணமும் உண்டு.

இதைவிட வேடிக்கை ஒன்று. யாழ்ப்பாணத் தமிழர்களின் சொத்து, சீதனம், வாரிசு வழக்கங்களைச் சொல்லும் சட்டத்துக்குப் பெயர் தேசவழமை. இன்றைக்கும் இலங்கையில் அது நடைமுறைச் சட்டம். அதை முதலில் எழுத்தில் தொகுத்தது யார்? கிளாஸ் ஐசக்ஸ் என்ற டச்சு அதிகாரி. எந்த மொழியில்? டச்சில்! பிறகு அதைத் தமிழில் பெயர்த்து, 12 முதலியார்களிடம் காட்டி, 'சரிதானா?' என்று கேட்டு, 1707-ல் சட்டமாக்கினார்கள். நம் பாட்டன் வழக்கத்தின் மூலப் பிரதி டச்சில் இருக்கிறது.

லெய்டன் என்றேனே, அந்த ஊர்ப் பல்கலைக்கழகம் 1575-ல் ஆரம்பித்தது. நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் கிராமத்தைக் கொடுத்த சோழர் செப்பேடு, 21 ஏடுகள், 1862-ல் அங்கேதான் போய்ச் சேர்ந்தது. 'லெய்டன் செப்பேடு' என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. அதே பல்கலைக்கழகத்தில் தமிழும் கற்பித்தார்கள்.

நம் பக்கத்திலிருந்து டச்சு படித்தவர்களே இல்லையா என்றால், இருக்கிறார்கள். யாழ்ப்பாணத் தமிழரான சின்னப்பா அரசரத்தினம் 1950-களில் லண்டனுக்கு ஆராய்ச்சிப் படிப்புக்குப் போனார். இலங்கையின் டச்சுக் காலத்தை எழுதவேண்டும். ஆங்கிலத்தில் இருந்தது போதவில்லை. டச்சு கற்றுக்கொண்டார், மூல ஆவணங்களில் மூழ்கினார். 1958-ல் அவருடைய புத்தகம் வந்தது. பிறகு மலேயா, ஆஸ்திரேலியா என்று பேராசிரியராக இருந்துகொண்டே, 1986-ல் சோழமண்டலக் கரை வியாபாரிகளைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். துறைமுகங்களில் டச்சுக்காரனோடு சரிக்குச் சரி பேரம் பேசிய நம் செட்டியார்களும் மரைக்காயர்களும் அந்தப் புத்தகத்தில் உயிரோடு நடமாடுகிறார்கள். வங்காளிகளில் தபன் ராய்சௌதுரி, 1962-ல் வெளியான 'ஜான் கம்பெனி இன் கோரமண்டல்' எழுதியவர். நம் கரையின் கதையை எழுத ஒரு வங்காளி டச்சு படித்தார் என்பதை மறந்துவிடாதீர்கள்.

2000-ம் ஆண்டு வாக்கில் லெய்டன் பல்கலைக்கழகம் ஒரு திட்டம் ஆரம்பித்தது. ஆசிய நாடுகளிலிருந்து இளம் சரித்திர மாணவர்களை அழைத்து, முதலில் டச்சு மொழி, பிறகு பதினேழாம் நூற்றாண்டுக் கையெழுத்தைப் படிக்கும் பயிற்சி, பிறகு முனைவர் பட்டம். டனாப் என்று பெயர். இந்தியாவிலிருந்து போனவர்களில் அஞ்சனா சிங் கொச்சியைப் பற்றியும், பினு ஜான் மயிலப்பரம்பில் கண்ணூரைப் பற்றியும், குலாம் நத்ரி குஜராத்தைப் பற்றியும் எழுதிப் புத்தகங்களாக்கினார்கள். இலங்கையிலிருந்து போன நிர்மல் தேவசிறி தங்கள் நாட்டு விவசாயிகளைப் பற்றி எழுதினார்.

டச்சு ஒன்றும் பிசாசு மொழி இல்லை. ஆங்கிலத்துக்கும் ஜெர்மனுக்கும் நடுவில் நிற்கும் பங்காளி. மிளகு அவர்களுக்குப் 'பேப்பர்', புத்தகம் 'புக்'. தொண்டையைச் செருமுவது மாதிரி ஓர் உச்சரிப்பு இருக்கிறது. அதைத் தாண்டிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாச்சு. இந்தோனேசியாவில், தங்களை ஆண்டவனின் மொழி என்று தள்ளி வைக்காமல், இந்தோனேசியப் பல்கலைக்கழகத்தில் டச்சு மொழிக்கும் பண்பாட்டுக்கும் தனித் துறையே வைத்திருக்கிறார்கள். பழைய சட்டமும் பழைய பத்திரமும் அந்த மொழியில் இருக்கும்போது படிக்காமல் என்ன செய்வது என்பது அவர்கள் வாதம்.

நம் பக்கத்து வீடு இன்னும் சுறுசுறுப்பு. கேரள வரலாற்று ஆராய்ச்சிக் கழகம், லெய்டன் பல்கலைக்கழகத்தோடும் நெதர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தோடும் சேர்ந்து 2022-ல் 'காஸ்மோஸ் மலபாரிகஸ்' என்ற திட்டத்தைக் கையெழுத்திட்டது. கேரள மாணவர்கள் லெய்டன் போய் டச்சு கற்று, தங்கள் ஊர்ச் சரித்திரத்தைப் படிக்க வேண்டும் என்பது நோக்கம். கொஞ்சம் யோசியுங்கள். கொச்சிக் காகிதங்கள் எழும்பூரில் இருக்கின்றன. அதைப் படிக்கக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் கேரளத்திலிருந்து கிளம்புகிறார்கள். அலமாரி நம்முடையது, சாவி அவர்களுடையது!

*

'இப்போதுதான் கம்ப்யூட்டர் எல்லாம் படிக்குமே சார்?' என்று நீங்கள் கேட்பது கேட்கிறது.

படிக்கிறது, உண்மைதான். நெதர்லாந்தில் 'குளோபலைஸ்' என்ற திட்டம் கம்பெனியின் சுமார் 50 லட்சம் கையெழுத்துப் பக்கங்களைக் கம்ப்யூட்டரை விட்டுப் படிக்கவைத்து எழுத்தாக்கியிருக்கிறது. வீட்டில் உட்கார்ந்தபடியே ஓர் ஊர்ப் பெயரைத் தட்டித் தேடலாம். ஆனால் மிஷின் எழுத்தைத்தான் கூட்டும். 'மதுரை' என்பதை அந்த குமாஸ்தா எத்தனை விதமாக எழுதியிருப்பான், 'கள்ளக் கடத்தல்' என்று அவன் எழுதுவது நம்மூரான் நேர்மையாகச் செய்த வியாபாரமா, 'கலகக்காரன்' என்பது வரி கொடுக்க மறுத்த பாளையக்காரரா... இதெல்லாம் மிஷினுக்குத் தெரியாது. டச்சு மட்டும் தெரிந்த டச்சுக்காரருக்கும் தெரியாது. டச்சும் தெரிந்து, குமுளி மலைப்பாதையும் தெரிந்த ஒருவருக்குத்தான் தெரியும்.

போடியிலோ உத்தமபாளையத்திலோ ஒரு பெண் இன்றைக்கு பி.ஏ. வரலாறு படித்துக்கொண்டிருக்கலாம். 'இதைப் படிச்சு என்ன பண்ணப் போறே?' என்று வீட்டில் கேட்டுக்கொண்டிருப்பார்கள். நம் வீடுகளில் வழக்கமான கேள்விதான். அவளுடைய தாத்தாவுக்குத் தாத்தா ஒருவேளை அந்தப் பொதிமாட்டை ஓட்டியவராக இருக்கலாம். அவள் ஒரு மொழி கூடுதலாகக் கற்றுக்கொண்டு எழும்பூர்க் கட்டடத்துக்குள் நுழைந்தால், அந்த உலாந்தாக்காரன் நோட்டுப்புத்தகத்தில் நம் பக்கத்து வரவையும் யாராவது ஒருவர் எழுதி முடிப்பார்கள்.

அதுவரைக்கும் அந்தக் கணக்கு 'டேலி' ஆகாது. கணக்குப் படித்தவன் சொல்கிறேன், நம்புங்கள்!